வீணடி: வாக்கியத்தில் அமைத்து எழுதுக

"எங்கே, 'வீணடி' என்ற வினைச்சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லு, பார்ப்போம்?"

எட்டாம் வகுப்பில் தமிழாசிரியர் என்னை எழுப்பிவிட்டுக் கேட்ட கேள்வி இது. எனக்கு வாக்கியம் தெரியும். ஒன்றல்ல, நாலைந்து தெரியும். ஆனால் நாற்பது பேர் திரும்பிப் பார்த்தால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மேஜை விளிம்பில் காய்ந்திருந்த மைக்கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன். ஆசிரியர் காத்திருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில், "உட்காரும்மா. வகுப்பு நேரத்த வீணடிக்காத" என்றார்.

"சார், நீங்களே சொல்லிட்டீங்க!" என்று பின்வரிசையில் ஒருத்தி கத்தினாள். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். நான் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அது ஒரு பழக்கமாகிவிட்டது. வீட்டில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் எழுதி வைத்துவிடுவேன். யார் சொன்னது, யாரிடம், எதற்கு. பள்ளிக்கூடம் நின்றுபோன பிறகும் இது நிற்கவில்லை. அப்பா வேலையிடத்தில் கழித்துப் போடும் தாள்களை அடுக்கி, ஊசிநூலால் தைத்து நோட்டாக்கிக்கொள்வேன். ஒரு பக்கம் பஸ் நேரங்கள், மறுபக்கம் என் எழுத்து. அதை ஒளித்து வைக்கும் இடம், என் பழைய பள்ளிப் பையின் அடி. அந்தப் பையை யாரும் திறக்கமாட்டார்கள். அதைப் பார்த்தாலே அம்மாவுக்கு மனது கஷ்டமாகிவிடும்.

அப்பா பஸ் நிலையத்தில் டைம்கீப்பர். தகரத்தால் அடைத்த சிறிய அறை. அதில் ஒரு சன்னல், ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு மேஜைத் தொலைபேசி, நீளமான பதிவேடு ஒன்று. எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எப்போது கிளம்பியது, எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதுவதுதான் வேலை. ஓட்டுநர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பெரிய முள்'. மணிக்கணக்கெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, நிமிடத்தில்தான் உயிர். அந்தப் பெயர் எப்படியோ வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. தெருமுனையில் அப்பா தலை தெரிந்தால் அம்மாவே, "பெரிய முள்ளு வருது, எழுந்திருங்க" என்பாள். அப்படியானால் சின்ன முள் அண்ணன். கட்டிலில் மணிக்கு ஒருதரம்தான் அசைவான்.

அண்ணன் குளிக்கப் போனால், "தண்ணிய வீணடிக்காதடா" என்று அம்மா கத்துவாள். நோட்டில் அவன் பெயருக்கு நேராக இருப்பது இது ஒன்றுதான். அதே அண்ணன் மத்தியானம் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து கிடந்தால் அதற்கு வேறு வார்த்தை இருக்கிறது: "பாவம், வேல தேடித் தேடிக் களைச்சுப் போயிருக்கான்." அப்பா ஞாயிற்றுக்கிழமை பகலெல்லாம் தூங்கினால் "அசந்துட்டாரு." அம்மா பக்கத்து வீட்டு மதில்மேல் சாய்ந்து ஒரு மணி நேரம் பேசினால் "ஒரு வார்த்த பேசிட்டு வந்தேன்." நான் சன்னல் ஓரம் பத்து நிமிடம் உட்கார்ந்தால் மட்டும் "ஏன்டி இப்படி நேரத்த வீணடிக்கிற?"

இன்னொன்றும் கண்டுபிடித்திருந்தேன். 'நான் வீணடிச்சிட்டேன்' என்று எங்கள் வீட்டில் யாரும், எதைப் பற்றியும், ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொன்னால் எழுதலாம் என்று ஒரு பக்கத்தைக் காலியாகவே விட்டு வைத்திருந்தேன். மறுபக்கத்து பஸ் நேரங்கள் அதில் ஊறித் தெரிந்துகொண்டிருந்தன.

பத்தாம் வகுப்பில் அம்மாவுக்கு முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நான்கு மாதம் அவளால் குனிய முடியாது. அண்ணன் கல்லூரிக்குப் போகவேண்டும், அப்பா பஸ்களை எழுதவேண்டும். நான் வீட்டில் நின்றேன். திரும்பிப் போனபோது வருகை நாள் ஒன்பது குறைகிறது, தலைமையாசிரியையைப் பார்த்துக் காரணம் சொல்லிக் கேள் என்றார்கள். அவர் அறை வாசலில் மூன்று நாள் நின்றேன். நான்காம் நாள் போகவில்லை. அவ்வளவுதான் என் படிப்பு முடிந்த கதை.

அதன்பிறகு எனக்கென்று ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தார்கள். "நீ சும்மாதானே இருக்க?"

துணி துவைத்துக்கொண்டிருக்கும்போதும் கேட்பார்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் எப்போதும் ஒரு வரிசை இருக்கும். மின்கட்டண வரிசை, வங்கி வரிசை, அடையாள அட்டை வரிசை, மாடிவீட்டு அக்காவின் குழந்தைக்குத் தடுப்பூசி வரிசை. எங்கள் பக்கத்தில் வரிசையில் இடம்பிடிக்கச் செருப்பை விட்டுவிட்டுப் போவார்கள். பையை வைப்பார்கள், தண்ணீர் பாட்டிலை வைப்பார்கள், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கல்லை. எங்கள் வீட்டில் என்னை வைத்தார்கள்.

"செருப்ப வெச்சா எவனாவது மாட்டிட்டுப் போயிடுவான்" என்பான் அண்ணன். "இவள வெச்சா அந்தப் பயம் இல்ல."

அம்மாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

இந்த வருடம்தான் பழைய பாடத்திட்டத்தில் தேர்வு எழுதக் கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் எல்லாப் புத்தகமும் மாறுகிறது, புதிதாக மூன்று பாடம் சேர்கிறது. நான் நாலு வருடமாக ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி, காலையில் அரை மணி என்று படித்து வைத்திருந்த அத்தனையும் பழைய புத்தகம். தனித்தேர்வராக எழுத ஒரு படிவம் வேண்டும் என்று தெரிந்துகொண்டு, பள்ளி அலுவலகத்துக்குப் போய், பேசாமல் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கைநீட்டிக் காட்டி, படிவத்தை வாங்கிவந்துவிட்டேன். அதில் அப்பா கையெழுத்துப் போடவேண்டும்.

அப்பா மூன்று வாரம் போடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "இப்ப என்ன அவசரம்?" என்றார். "வயசான காலத்துல எழுதி என்ன பண்ணப் போற?" என்று ஒருநாள். எனக்குப் பத்தொன்பது. பிறகு ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும் வேகத்தில், செருப்பு மாட்டிக்கொண்டே, "கொண்டா" என்று வாங்கிச் சுவரில் வைத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அதைச் சரியாகப் பார்க்காமலே உறைக்குள் போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் படிவத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு தூரத்தில் பிடித்தார்.

"தேதின்னு போட்டிருக்குற கட்டத்துல இது என்னம்மா, ஏழு நாப்பத்திரெண்டு?"

எட்டிப் பார்த்தேன். அப்பாவின் கையெழுத்து. பக்கத்தில், தேதிக் கட்டத்தில், அழகாக, 7.42. முப்பது வருடமாகக் கையெழுத்துப் போட்டதும் பக்கத்தில் மணி எழுதிப் பழகிய கை. என் படிவத்திலும் எழுதிவிட்டது.

"உங்கப்பா என்ன ராக்கெட்டா விடுறாரு?" என்றார் எழுத்தர். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். "அடிச்சுத் திருத்துனா மேல ஏத்துக்க மாட்டாங்க. புதுசு ஒண்ணு தரேன். அவர் கையெழுத்துதான் வேணும், ரெக்கார்டுல அவர்தான் இருக்காரு. நாளைக்கு நாலு மணி வரைக்கும்தான். நாலு மணிக்கு நான் கட்டி அனுப்பிடுவேன்."

அன்று இரவு அப்பாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "கரெக்டான டைம்தானே போட்டிருக்கேன்" என்றார். புதுப் படிவத்தை நீட்டினேன். சாப்பிட்ட கையை உயர்த்திக் காட்டினார். பிறகு தூங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை விடியும்முன் எழுந்து முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, நான் பேனாவோடு நிற்பதற்குள், அவரே ஒரு திட்டம் வைத்திருந்தார்.

"இன்னிக்கு எனக்குக் கண் பரிசோதனை. இன்னிக்குப் பண்ணலைன்னா திங்கக்கிழம ட்யூட்டி கிடையாது. நீ எட்டரைக்கு ஆஸ்பத்திரில போய் எனக்கு இடம் போட்டு உக்காரு. நான் பத்தரைக்கு வந்துடுவேன். அங்கயே கையெழுத்துப் போட்டுத் தரேன். அப்படியே ஸ்கூலுக்குப் போயிடு. ரெண்டு வேலயும் ஒண்ணா முடியும். யாரு நேரமும் வீணாகாது."

"இப்பவே போட்டுடுங்களேன்ப்பா, ஒரு நிமிஷம்."

"பஸ்ஸு நிக்குது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்த ஆஸ்பத்திரியில் கண் பகுதிக்குச் சீட்டு, எண் எதுவும் கிடையாது. நாற்காலிதான். நீண்ட வராந்தாவில் சுவரை ஒட்டி இருபத்தாறு இரும்பு நாற்காலிகள். கடைசி நாற்காலியில் உட்காரவேண்டும். முதல் ஆள் உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து ஒரு நாற்காலி நகர்ந்து உட்காரவேண்டும். நடுவில் எழுந்து போனால் இடம் போயிற்று. காலி நாற்காலியைப் பின்னால் இருப்பவர் நிரப்பிவிடுவார். முன்னால் இருந்தவரின் சூடு ஆறாத நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து நகரவேண்டும். எட்டரைக்குக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். மடியில் உறை. உறைக்குள் படிவம். பேனா மூடியை இரண்டுமுறை திறந்து எழுதிப் பார்த்துக்கொண்டேன்.

வராந்தாவைத் துடைக்கும் அக்கா ஒருத்தி வாளியும் துடைப்பமுமாக அரை மணிக்கு ஒருமுறை வருவாள். அவளை எல்லோரும் வாளியக்கா என்றார்கள். "காலத் தூக்கு, காலத் தூக்கு, ஆஸ்பத்திரிக்கு வந்தா கொஞ்சம் உடற்பயிற்சி பண்ணணும்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு நாற்காலிக்கடியிலும் துடைப்பாள். பதினைந்தாவது நாற்காலியில் இருந்தபோது என்னிடம் நின்றாள்.

"கண்ணுக்கு என்ன பாப்பா? நல்லா முழிச்சுட்டுத்தானே இருக்க?"

"அப்பாக்கு" என்றேன்.

"அப்பா எங்க?"

"வருவாரு."

"ஓ, இடம் போட்டிருக்கியா" என்று நகர்ந்துபோனாள்.

பத்தரை ஆனது. நான் எட்டாவது நாற்காலி. வராந்தாவின் கோடியில் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் கழுத்தை நீட்டினேன். பதினொன்று. மூன்றாவது நாற்காலி. பதினொன்று ஐந்துக்கு முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன். நர்ஸ் தலையை நீட்டினார்.

"அடுத்தது வா."

"அப்பா... வந்துட்டே இருக்காரு சிஸ்டர்."

"ஆள் இல்லாம கண்ண மட்டும் அனுப்பியிருக்காரா?" பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். "கடைசிக்குப் போ. அடுத்தது!"

எழுந்து, இருபத்தைந்து பேரின் முழங்கால்களைக் கடந்து, திரும்ப இருபத்தாறாவது நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. காது மட்டும் கொதித்தது.

என்னிடம் போன் கிடையாது. வாளியக்காவின் இடுப்பில் ஒன்று செருகியிருந்தது. அவளிடம் கேட்க வேண்டும், 'அக்கா, ஒரு போன் பண்ணிக்கட்டுமா?' நாலே சொற்கள். அதை மனதுக்குள் பத்துமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, அவள் வந்தபோது கையால் போனைக் காட்டினேன். அவள் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். அப்பா அறையின் எண் எனக்கு மனப்பாடம்.

"ஹலோ, டைம்கீப்பர்."

"அப்பா, நான்தான். முத நாற்காலி வந்து போயிடுச்சுப்பா. திரும்பக் கடைசில உக்காந்திருக்கேன்."

"இதோ, கிளம்பிட்டேன்" என்றார். பின்னால் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். "இங்க ஒரு சின்ன விசாரண. முடிஞ்சதும் வந்துடறேன். நீ இடத்த விட்டுடாத."

"அப்பா, நாலு மணிக்கு..." அதற்குள் வைத்துவிட்டார்.

அப்போதே நான் எழுந்து போயிருக்கலாம். பஸ் நிலையத்துக்கு அரை மணி நேரம். அங்கேயே கையெழுத்து வாங்கியிருக்கலாம். ஆனால் 'கிளம்பிட்டேன்' என்று சொன்னவரைத் தேடிப் போனால், அவர் ஒரு பஸ்ஸில் வர நான் எதிர் பஸ்ஸில் போவேன். இங்கே இடமும் போய்விடும். திங்கட்கிழமை வேலையும் போய்விடும். அதற்கும் நான்தான் காரணம் என்றாகும். அந்த வாக்கியத்தை என்னால் இப்போதே எழுதிக் காட்ட முடியும்.

பன்னிரண்டு. பத்தொன்பதாவது நாற்காலி. பன்னிரண்டரைக்கு மறுபடியும் போனை வாங்கி அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சரி, கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். ஒரு மணி ஆனதும் உள்ளே இருந்த டாக்டர் சாப்பிடப் போனார். முக்கால் மணி நேரம் ஒரு நாற்காலியும் அசையவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கவும் முடியாது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். நான் உறையின் மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் அது கிழிய ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்து நிறுத்தினேன்.

பையில் நோட்டு இருந்தது. மற்ற நாள் என்றால் இந்நேரம் நாலு பக்கம் எழுதியிருப்பேன். உண்மையைச் சொன்னால், வரிசைகள் எனக்குப் பிடிக்கும். யாரும் கூப்பிடாத, யாரும் எதையும் எடுத்துவரச் சொல்லாத இடம் எனக்கு அது ஒன்றுதான். என் நோட்டுகள் பாதி வரிசையில் நிரம்பியவை. அன்று ஒரு எழுத்து வரவில்லை. எழுதினால் தாள் கிழிந்துவிடும் போல இருந்தது.

டாக்டர் வந்தபின் வாளியக்கா மறுபடி துடைக்க வந்தாள். காலைத் தூக்கினேன். அவள் துடைக்காமல் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்ன பாப்பா, காலைல முன்னாடி பாத்தேன், இப்பப் பின்னாடி பாக்குறேன். ரிவர்ஸ்ல போறியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்படி வாயைத் திறந்தேன் என்று தெரியவில்லை, முழுவதையும் சொல்லிவிட்டேன். படிவம், ஏழு நாற்பத்திரண்டு, நாலு மணி, விசாரணை, எல்லாம். ஓர் அந்நியரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். ஏழு நாற்பத்திரண்டைக் கேட்டு அவள் சிரித்தாள். நாலு மணியைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இப்படியா உன் நேரத்த வீணடிப்பாங்க?" என்றாள்.

அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் துடைப்பத்தை வாளியில் முக்கினாள். உன் நேரம். 'வீணடி' என்ற சொல்லை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். நேரத்தை வீணடிக்கிறாய், நேரத்தை வீணடிக்காதே. அது யாருடைய நேரம் என்று ஒருவரும் சொன்னதில்லை. வீட்டுக்குப் பொதுவாகத் தொட்டியில் நிரப்பி வைத்த தண்ணீர் மாதிரியும், நான்தான் அதைக் கொட்டிக்கொண்டே இருப்பவள் மாதிரியும் இருக்கும் அந்தப் பேச்சு. அதற்குமேல் அன்று என்னால் அமைதியாக நாற்காலி மாற முடியவில்லை. ஒவ்வொரு முறை எழுந்து உட்காரும்போதும் இரும்பு சத்தம் போட்டது. பக்கத்தில் இருந்தவர் இரண்டுமுறை திரும்பிப் பார்த்தார்.

இரண்டு ஐம்பதுக்கு நான் இரண்டாவது நாற்காலியில் இருந்தபோது வராந்தாக் கதவு திறந்தது. அப்பா. சட்டைப் பையில் மூன்று பேனா. முகத்தில் ஏதோ ஜெயித்துவிட்டு வந்த களை.

"பாத்தியா, கரெக்டா உன் டர்ன் வரும்போது வந்துட்டேன்" என்றார்.

"அப்பா, பத்தரைன்னு சொன்னீங்க."

"எங்க விட்டானுங்க! ஒம்பதாம் நம்பர் டிரைவர் நாலு நிமிஷம் லேட்டு. நான் எழுதினேன். இல்ல, ரெண்டு நிமிஷம்தான்னு சண்டைக்கு வரான். கண்டக்டரக் கூப்பிட்டு, மேலதிகாரியக் கூப்பிட்டு, முந்தின ஸ்டாப்புக்கு போன் பண்ணி, அங்க இருக்குற பதிவேட்ட எடுத்துட்டு வரச் சொல்லி... விடுவேனா? கடைசில நாலு நிமிஷம்தான்னு ஒத்துக்க வெச்சுட்டேன். அத்தன பேரு பஸ்ஸுல உக்காந்திருக்க, நாலு நிமிஷத்த வீணடிச்சிருக்கான். சும்மா விடச் சொல்றியா?"

நான் உறையைத் திறந்து, படிவத்தை எடுத்து, பேனாவை நீட்டினேன். "இங்க போடுங்கப்பா."

"அடுத்தது!" என்றார் நர்ஸ். எனக்கு முன்னால் இருந்தவர் அதற்குள் உள்ளே போய் வெளியே வந்திருந்தார்.

"அப்பா, ஒரே ஒரு கையெழுத்து."

"நேரத்த வீணடிக்காத, அவங்க கூப்பிடுறாங்கல்ல?" என்று அப்பா என் கையைத் தள்ளிவிட்டு உள்ளே போனார்.

மூன்று ஐந்துக்கு வெளியே வந்தார். கண்ணில் மருந்து ஊற்றியிருந்தார்கள். இரண்டு கண்ணிலும் பஞ்சை ஒற்றிக்கொண்டு, நர்ஸ் கையைப் பிடித்து நடந்து வந்தார். எதிர்ச் சுவர் ஓரம் மருந்து ஊற்றியவர்கள் தலையைச் சாய்த்து உட்காரும் நாற்காலிகள் தனியாக இருந்தன. அதில் ஒன்றில் அவரை உட்கார வைத்தார்.

"முப்பது நிமிஷம் கண்ண மூடியே இருக்கணும். அப்புறம் டாக்டர் பாப்பாரு. கொஞ்ச நேரம் மங்கலாத்தான் தெரியும், பயப்படாதீங்க" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். என் நோட்டைப் படிவத்துக்கடியில் அட்டைபோல வைத்து, அப்பாவின் கையை எடுத்து, பேனாவைப் பொருத்தி, சரியான கோட்டின்மீது கொண்டுபோய் வைத்தேன்.

"இங்கதான்ப்பா."

கண்ணை மூடிக்கொண்டே போட்டார். அப்பாவின் கையெழுத்துக்குக் கண் தேவையில்லை. ஒரு நாளைக்கு இருநூறு தடவை போடுவது. ஆனால் கை நிற்கவில்லை. அப்படியே தேதிக் கட்டத்தை நோக்கி நகர்ந்தது.

"மணி என்ன?" என்றார்.

தாளை உருவிக்கொண்டேன். பேனா என் நோட்டின் அட்டையில் ஒரு கோடு இழுத்தது.

"தேதி நான் போட்டுக்கறேன்ப்பா."

"மணி என்னன்னு கேட்டேன்."

"மூணு ஏழு. அப்பா, மூணே கால் பஸ்ஸப் பிடிச்சா மூணு நாப்பதுக்கு ஸ்கூலுக்குப் போயிடுவேன். நான் போயிட்டு வரட்டுமா?"

"என்ன யாரு கூட்டிட்டுப் போறது? கண்ணு தெரியாதுன்னு சொல்லிட்டுப் போறாங்க."

"அண்ணனுக்கு போன் பண்ணட்டுமா? வீட்டுலதான் இருக்கான்."

"அவன எதுக்குத் தொந்தரவு பண்ற? பாவம், அவனுக்கு ஆயிரம் யோசன இருக்கும். நீ சும்மாதானே இருக்க."

"நாலு மணியோட முடிஞ்சுடும்ப்பா."

"யாரு இல்லைன்னா?" அப்பா தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். மூடிய கண்களுக்குப் பின்னால் அவர் பதிவேட்டைப் புரட்டுவது எனக்குத் தெரிந்தது. "டாக்டர் மூணரைக்குக் கூப்பிடுவாரு. அஞ்சு நிமிஷ வேல. மூணு நாப்பதுக்கு அடுத்த வண்டி. அந்த டிரைவர் நல்லவன், லேட் பண்ணமாட்டான். ரெண்டு பேரும் சேந்தே போலாம். நாலு அஞ்சுக்கு ஸ்கூல் வாசல்ல இறங்கிடலாம்."

"நாலு மணிக்கு அனுப்பிடுவாங்க."

"அஞ்சு நிமிஷம்தானேம்மா?" என்றார் அப்பா. "அஞ்சு நிமிஷத்துக்கெல்லாம் யாரு கணக்குப் பாப்பாங்க?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பஞ்சுக்கடியில் கன்னத்தில் மருந்து வழிந்துகொண்டிருந்தது. அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார்.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. எட்டரையிலிருந்து சேர்த்து வைத்தது. அதற்கும் முன்னால் நாலு வருடமாகச் சேர்த்து வைத்தது.

தேதியைக் கட்டத்தில் எழுதினேன். படிவத்தை உறையில் போட்டேன். பேனாவை மூடினேன்.

"ஆனா அந்த டிரைவர் இருக்கான் பாரு" என்று அப்பா கண்ணை மூடியபடி தொடர்ந்தார், "கடைசி வரைக்கும் என் முகத்தப் பாக்கவே இல்ல. நான் கேட்டேன், ஏன்டா தம்பி, உனக்கு நாலு நிமிஷம்னா சும்மாவான்னு..."

எழுந்தேன். இரும்பு நாற்காலி சத்தம் போடாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே எழுந்தேன். எதிரே வாளியக்கா வேலை முடிந்து வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த உறையைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு மெல்ல நடந்து வந்து, என் சூடு ஆறாத நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.

"...கேக்குதா?" என்றார் அப்பா.

"ம்" என்றாள் வாளியக்கா.

அப்பா திருப்தியாகத் தொடர்ந்தார். வாளியக்கா என்னைப் பார்த்து, போ என்று விரலை மட்டும் அசைத்தாள். மணி மூன்று பதினொன்று. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஈரம் காயாத தரையில், இருபத்தாறு நாற்காலிகளையும் தாண்டி, கதவைத் திறந்து வெளியே போனேன்.